ஒரு நோட்டு, ஒரு பேனா, தினம் கால் மணி நேரம்: ஆராய்ந்து யோசிக்கப் பழகுவது எப்படி?

முதலில் ஒரு தாளை எடுங்கள். எதையும் பார்க்காமல், நினைவிலிருந்து ஒரு சைக்கிள் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல், செயின், இவற்றை இணைக்கும் கம்பிகள். எது எதோடு சேர்கிறது என்று புரிந்தால் போதும். வரைந்து முடித்த பிறகு ஒரு நிஜ சைக்கிளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் முதன்முறை வரைந்தபோது செயினை இரண்டு சக்கரங்களையும் சுற்றிப் போட்டிருந்தேன். அப்படி ஒரு வண்டி இருந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. நேராக மட்டும்தான் போகலாம். இத்தனைக்கும் பள்ளி நாட்கள் முழுவதும் சைக்கிளில் போய் வந்தவன் நான். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லாசன் என்ற உளவியலாளர் 2006இல் இதையே ஓர் ஆய்வாக வெளியிட்டார். வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய பொருளில் பெடல் எங்கே, செயின் எதைச் சுற்றுகிறது என்பதில் பலரும் தடுமாறினார்கள்.

வரையத் தொடங்கும் முன் 'எனக்குத் தெரியும்' என்று தோன்றியதா? அந்தத் தோன்றலுக்கும், தாளில் வந்ததற்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாடப்புத்தகங்களில் இதற்கு 'விமர்சனச் சிந்தனை' என்றும் 'திறனாய்வுச் சிந்தனை' என்றும் பெயர். எனக்கு முதல் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. விமர்சனம் என்றதும் அடுத்தவர் பேச்சில் ஓட்டை தேடுவது என்று மனம் போய்விடுகிறது. அதை நாம் ஏற்கனவே நன்றாகத்தான் செய்கிறோம். பிடிக்காதவர் சொன்னதில் நூறு குறை கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. நம் தலைக்குள் இருப்பதை அதே கண்ணால் பார்ப்பதுதான் வராது. அதனால் இங்கே 'ஆராய்ந்து யோசிப்பது' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுடோகு போட்டால், செஸ் ஆடினால், புதிர்க் கணக்குகள் செய்தால் யோசிக்கும் திறன் தானாக வளரும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். சுடோகு போடப் போட சுடோகு நன்றாக வரும். எந்த விஷயத்தைப் பற்றி யோசிக்கிறோமோ அதைப் பற்றிய அறிவோடு பின்னிக் கிடப்பது இந்தத் திறன். அதைத் தனியாகப் பிரித்தெடுத்து உடற்பயிற்சி மாதிரி வளர்ப்பது கடினம் என்று அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2007இல் எழுதினார். ஆகவே பயிற்சிக்கான சரக்கு உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் வர வேண்டும்: உங்கள் வேலை, உங்கள் வீடு, உங்கள் போனுக்கு வரும் செய்தி.

நோட்டு எதற்கு?

மனதுக்குள்ளேயே யோசித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் பயணம் போனார். அவர் கிளம்பும் முன், இந்தப் பயணத்தில் இன்னின்னது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டு எண்களாக வாங்கி வைத்தார்கள் பாரூக் ஃபிஷ்ஹோஃப் என்ற உளவியலாளரும் அவரது சகாவும். பயணம் முடிந்த பிறகு அதே மாணவர்களிடம், 'அன்றைக்கு என்ன எண் போட்டீர்கள், நினைவுபடுத்திச் சொல்லுங்கள்' என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பெரும்பாலானவர்களுக்கு நினைவு இருந்தது. தாளில் இருந்த எண் வேறு.

அவர்கள் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவுடன் மனம் பழைய கணக்கைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது. 'எனக்கு அப்போதே தெரியும்' என்று நாம் சொல்வதில் பாதி இந்த ரகம்தான். நாம் தப்பாக நினைத்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போனால் எதிலிருந்து கற்றுக்கொள்வது? தேதி போட்டு மையில் எழுதிய வரியை மனம் திருத்த முடியாது. இந்தப் பயிற்சி முழுவதும் அந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது: முடிவு தெரியும் முன் எழுதுவது.

போனிலும் எழுதலாம். போனைத் திறந்தால் எதற்குத் திறந்தோம் என்று எனக்கு மறந்துவிடும் என்பதால் நான் காகிதத்தோடு நின்றுவிட்டேன்.

முதல் படி: தினம் ஒரு கூற்று

இரவு படுக்கும் முன், அன்றைக்குக் கேட்டு நம்பிய ஒரு கூற்றை எழுதுங்கள். நம்பியது என்பது முக்கியம். நம்பாததை ஆராய்வதில் பயன் குறைவு. அதன் கீழே மூன்று கேள்விகள்:

சொன்னது துல்லியமாக என்ன?
சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?
இது தப்பாக இருந்தால், எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்?

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவர், 'புது சாஃப்ட்வேர் வந்த பிறகு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது' என்றார். நானும் தலையாட்டினேன். இரவு எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டேன். எது பாதி? வேலை நேரமா, செய்ய வேண்டிய படிகளா, வரும் புகார்களா? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு எழுதியது: 'அவர் அதை இரண்டு வாரமாகத்தான் பயன்படுத்துகிறார். மாத ஆரம்பம், எப்போதுமே வேலை குறைவு.' மூன்றாவதுக்கு: 'ஓவர்டைம் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.' மாதக் கடைசியில் பார்த்தேன். ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் போலக் குறைந்திருந்தது. பாதியும் இல்லை, சுத்தப் பொய்யும் இல்லை.

பெரும்பாலான கூற்றுகள் இப்படித்தான் முடியும். 'உண்மை', 'பொய்' என்று முத்திரை குத்த அவசரப்படாதீர்கள். 'எவ்வளவு உண்மை, எந்த நிலைமையில் உண்மை' என்று எழுதப் பழகினாலே பெரிய முன்னேற்றம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, முதல் நாளே அரசியலையும் மதத்தையும் எடுத்துக்கொள்வது. அவற்றில் நம் மானம், உறவு, கோபம் எல்லாம் கலந்திருக்கும். நீச்சல் பழகுகிறவர் முதல் நாளே கடலில் குதிப்பதில்லை. எப்படி முடிந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லாத கூற்றுகளில் ஒரு மாதம் கையைப் பழக்குங்கள்.

இரண்டாம் படி: சதவீதம் போடுங்கள்

ஒரு வாரம் கழித்து, கூற்றோடு சேர்த்து ஒரு கணிப்பையும் எழுதத் தொடங்கலாம். 'வெள்ளிக்கிழமைக்குள் இந்த அறிக்கையை முடித்துவிடுவேன்: 90 சதவீதம்.' 'நாளைக் கூட்டம் சொன்ன நேரத்தில் தொடங்கும்: 40 சதவீதம்.' ஒரு சில நாட்களிலேயே விடை தெரிந்துவிடும் கணிப்புகளாக இருக்கட்டும். விடை தெரிந்ததும் பக்கத்தில் டிக் அல்லது பெருக்கல் குறி. அவ்வளவுதான் வேலை.

'அநேகமாக', 'பார்க்கலாம்', 'நடந்தாலும் நடக்கும்' என்ற சொற்களுக்குப் பின்னால் நாம் சுலபமாக ஒளிந்துகொள்ளலாம். எண் அந்த மறைவிடத்தை எடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1965 முதல் மழை முன்னறிவிப்பைச் சதவீதமாகவே சொல்கிறார்கள். '70 சதவீதம்' என்று சொன்ன ஒரு நாளில் மழை பெய்யாவிட்டால் அது தவறு ஆகாது. 70 என்று சொன்ன எல்லா நாட்களையும் சேர்த்தால் அவற்றில் சுமார் 70 சதவீத நாட்களில் மழை பெய்திருக்க வேண்டும். வானிலைக்காரர்களை நாம் கேலி செய்தாலும் இந்தக் கணக்கில் அவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள். காரணம் எளிது. சொன்னது பலித்ததா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு வேலையில் அந்த வசதி கிடையாது. நோட்டு அதைக் கொடுக்கிறது.

மூன்று மாதம் கழித்து என் 90 சதவீதக் கணிப்புகளை எண்ணிப் பார்த்தேன். பாதிக்குச் சற்று மேல்தான் பலித்திருந்தன. அதிலும் விழுந்தவை பெரும்பாலும் ஒரே ரகம்: 'இதற்குள் முடித்துவிடுவேன்' என்று என்னைப் பற்றி நானே எழுதியவை. மற்றவர்களைப் பற்றிய கணிப்பில் நான் அவ்வளவு மோசமில்லை. அதன் பிறகு யாராவது 'எப்போது முடியும்?' என்று கேட்டால், வாயில் வரும் நாளோடு பாதியைக் கூட்டிச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: 'இல்லை' என்ற பதிலைத் தேடிப் போங்கள்

இது படித்தால் புரியாது, விளையாடிப் பார்க்க வேண்டும். 1960இல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் வெளியிட்ட சோதனை. வீட்டில் யாரிடமாவது இப்படிச் சொல்லுங்கள்: '2, 4, 6. இந்த மூன்று எண்களும் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லலாம். பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் சொல்வேன். விதி உறுதியாகத் தெரிந்துவிட்டது என்று தோன்றும்போது சொல்லுங்கள்.'

நான் இதை என் அக்கா வீட்டில் ஆடினேன். அத்தான் ஆரம்பித்தார்.

"8, 10, 12?"

"பொருந்தும்."

"20, 22, 24?"

"பொருந்தும்."

"100, 102, 104. சரிதானே? இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே போகிறது. இதில் என்ன இருக்கிறது?"

"விதி அது இல்லை அத்தான்."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு முறையும் 'பொருந்தும்' என்று நான்தானே சொன்னேன்? பக்கத்தில் இருந்த அவர் பையன், பதினொரு வயது, சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, 3, 3, 3?" பொருந்தாது என்றேன். "6, 4, 2?" பொருந்தாது. "1, 2, 50?" பொருந்தும். "அப்போ, எண் ஏறிக்கிட்டே போகணும், அவ்ளோதானா?"

அவ்வளவுதான். ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்ணும் பொருந்தும்.

அத்தான் கேட்ட கேள்விகள் எல்லாம், அவருடைய விதி சரியாக இருந்தாலும் 'பொருந்தும்' என்ற பதிலைத் தரும், தப்பாக இருந்தாலும் தரும். அந்தப் பதில்களை எத்தனை சேர்த்தாலும் எதுவும் தெரியாது. அத்தானின் விதிப்படி பொருந்தவே கூடாத '1, 2, 50'ஐப் பையன் கேட்டதுதான் அந்த விதியை உடைத்தது; அவனுக்குக் கிடைத்த இரண்டு 'பொருந்தாது' சரியான விதியைக் காட்டிக்கொடுத்தன. வேசனின் சோதனையிலும் பெரும்பாலானவர்கள் அத்தானைப் போலத்தான் முதலில் தப்பான விதியை உறுதியோடு சொன்னார்கள்.

நிஜ வாழ்க்கையில் இதை எப்படிச் செய்வது? உங்களுக்கு உறுதியாகத் தோன்றும் ஒரு கருத்தை எடுங்கள். 'இவர் நம்மை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்' என்று வைத்துக்கொள்வோம். அவர் வணக்கம் சொல்லாமல் போன நாட்கள் உங்களுக்கு வரிசையாக நினைவில் இருக்கும். அவை போதும். இப்போது வேறு மாதிரி தேடுங்கள்: என் கருத்து சரி என்றால் எது நடந்திருக்கவே கூடாது? ஒதுக்குகிறவர் போன வாரம் தானாக வந்து ஏன் உதவி செய்தார்? அந்த ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், சரி, உங்கள் கருத்து இன்னும் கொஞ்சம் பலமாகிறது.

சார்லஸ் டார்வின் தன் வரலாற்றைச் சொல்லும்போது இப்படி ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். தன் முடிவுகளுக்கு எதிரான தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் தவறாமல், உடனே குறித்து வைத்துக்கொள்வாராம். சாதகமானவற்றைவிட அவை வேகமாக மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டாராம். என் நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்கள் மெதுவாகத்தான் நிறைகின்றன.

நான்காம் படி: கண்ணில் படாததைக் கேளுங்கள்

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பி 73 விநாடிகளில் உடைந்து சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய்ச் சரியாக அடைக்காததுதான் காரணம். அன்று காலை காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ்.

முந்தின நாள் இரவே சில பொறியாளர்கள் பயந்து எச்சரித்தார்கள். தொலைபேசி வழியாகக் கூட்டம் நடந்தது. குளிருக்கும் வளையம் கெடுவதற்கும் தொடர்பு உண்டா என்று பழைய ஏவுதல்களைப் பார்த்தார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர்கள் பார்த்தது வளையம் கெட்டிருந்த ஏவுதல்களை. அவற்றில் ஒன்று சுமார் 12 டிகிரியில் நடந்தது, இன்னொன்று சுமார் 24 டிகிரியில். குளிரிலும் கெடுகிறது, வெயிலிலும் கெடுகிறது. அப்படியானால் வெப்பநிலைக்கு இதில் பங்கில்லை என்று தோன்றுமா இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

விபத்துக்குப் பிறகு அமைந்த விசாரணைக் குழு, எந்தக் கோளாறும் இல்லாமல் போய் வந்த ஏவுதல்களையும் அதே கணக்கில் சேர்த்தது. படம் மாறிவிட்டது. சுமார் 19 டிகிரிக்கு மேல் நடந்த 20 ஏவுதல்களில் கோளாறு கண்டது மூன்றில் மட்டும். 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்தவை நான்கு, நான்கிலும் கோளாறு. தகவல் முந்தின இரவும் கையில் இருந்ததுதான். 'கெடாதவை எந்த வெப்பநிலையில் போயின?' என்று அந்தக் கோப்புகளை எடுத்து ஒன்றாக வைக்கவில்லை.

அன்றாடப் பயிற்சிக்கு இதைச் சிறு கட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். தாளில் ஒரு கூட்டல் குறி போல் கோடு இழுத்தால் நான்கு கட்டங்கள் வரும். 'காலையில் சீக்கிரம் எழுந்தவர்கள் ஜெயித்தார்கள்' என்று எங்கோ படிக்கிறீர்கள். சீக்கிரம் எழுந்து ஜெயித்தவர்கள் ஒரு கட்டம். சீக்கிரம் எழுந்தும் ஜெயிக்காதவர்கள், தாமதமாக எழுந்தும் ஜெயித்தவர்கள், தாமதமாக எழுந்து ஜெயிக்காதவர்கள் மீதி மூன்று. கட்டுரை உங்களுக்குக் காட்டியது முதல் கட்டத்தை மட்டும். பால்காரரும் இரவுக் காவல்காரரும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி ஊக்கமூட்டும் பேச்சுகள் கரைந்துவிடும். (இந்த வகைப் பேச்சுகள் மேல் எனக்குக் கொஞ்சம் காழ்ப்பு உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஐந்தாம் படி: எண்ணைக் கண்டால் ஆட்களாக மாற்றுங்கள்

1995 அக்டோபரில் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை வெளியானது. புது வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு வரும் ஆபத்தை இரண்டு மடங்கு ஆக்குகின்றன என்று. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. 'இரண்டு மடங்கு' என்பதை ஆட்களாக மாற்றினால்: பழைய மாத்திரையில் 7000 பெண்களில் ஒருவருக்கு, புதியதில் 7000 பெண்களில் இருவருக்கு. கர்ப்பத்தில் இரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிட அதிகம் என்பது இதில் இன்னொரு கொடுமை.

எனவே 'மடங்கு', 'சதவீதம் உயர்வு' என்று எதைக் கண்டாலும் ஒரே கேள்வி: எத்தனை பேரில் எத்தனை பேர், முன்பு எத்தனை, இப்போது எத்தனை?

பயிற்சிக்கு ஒரு கணக்கு. ஒரு நோய் நூறு பேரில் ஒருவருக்கு உண்டு. பரிசோதனை, நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேரையும் தவறாக 'உண்டு' என்று சொல்லும். உங்களுக்கு 'உண்டு' என்று வந்திருக்கிறது. நிஜமாக நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? மேலே படிக்கும் முன் ஒரு எண்ணை எழுதுங்கள். இப்போது 1000 பேரை நிறுத்துங்கள். 10 பேருக்கு நோய். அவர்களில் 9 பேருக்கு 'உண்டு' என்று வரும். மீதி 990 பேரில் சுமார் 89 பேருக்கும் 'உண்டு' என்று வரும். மொத்தம் 98 பேர், அவர்களில் நிஜ நோயாளிகள் 9. பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதற்காக மருத்துவர் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள்; அடுத்த பரிசோதனையை அவர் ஏன் எழுதுகிறார் என்பது இப்போது புரியும்.

ஆறாம் படி: பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

இணையத்தில் ஒன்றைப் படித்து நம்புவதா வேண்டாமா என்று தெரியாதபோது, நல்ல பிள்ளையாக அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படிக்கிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் பத்து வரலாற்று ஆய்வாளர்கள், பத்து உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோருக்கு ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள்கூட நல்ல லோகோ, கம்பீரமான பெயர் என்று மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, புதுப் புது டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கொஞ்சமாகப் படித்துச் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

ஒருவரைப் பற்றி அவரிடமே விசாரிப்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம் அல்லவா? அதேதான். பகிரும் முன் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும். நான் ஒருமுறை அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து, எட்டு வருடப் பழைய வெள்ளப் படத்தை 'இன்று காலை' என்று குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு சித்தி பயந்துபோய்த் தன் பயணத்தையே ரத்து செய்துவிட்டார். இன்றுவரை எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் கேட்பார்.

ஏழாம் படி: எதிராளி 'ஆமாம்' என்று சொல்லும்வரை

வாரம் ஒருமுறை செய்தால் போதும், ஆனால் எல்லாவற்றிலும் கடினம் இதுதான். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரின் கருத்தை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். 'ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் சொல்லும்வரை உங்கள் பதிலைத் தொடங்கக் கூடாது.

பையனுக்குப் போன் வாங்கித் தருவது பற்றி அக்காவோடு மூன்று வாரம் சண்டை. கடைசியில் இந்த முறையை முயன்றேன்.

"போன் கொடுத்தா அவன் கெட்டுப்போயிடுவான்னு நீ பயப்படுறே, அதானேக்கா?"

"கெட்டுப்போவான்னு நான் எப்போடா சொன்னேன்? ராத்திரி தூங்காம அதையே பார்த்துட்டு இருப்பான், காலைல எழுப்ப முடியாது. அதைத்தான் சொல்றேன்."

மூன்று வாரமாக 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற தலைப்பில் நான் பேசிக்கொண்டிருந்தது யாரோடு என்று தெரியவில்லை. அவள் பிரச்சினை தூக்கம். இரவு ஒன்பது மணிக்குப் போன் கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவானது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெரிய முடிவு எடுக்கும்போது இதே வேலையை உங்கள்மேலேயே செய்துகொள்ளலாம். 'ஒரு வருடம் ஆகிவிட்டது, இந்த முடிவு படுதோல்வி' என்று நடந்து முடிந்ததாகவே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று பத்து நிமிடம் எழுதுவது. கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரவலாக்கிய உத்தி இது. 'என்ன தப்பு நடக்கலாம்?' என்று கேட்டால் எனக்கு இரண்டு காரணம் வரும்; 'தோற்றுவிட்டது, ஏன்?' என்று கேட்டால் ஏழெட்டு வருகிறது.

எப்படிப் பிரித்துக்கொள்வது, எங்கே சறுக்கும்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதம் முதல் இரண்டு படிகள் மட்டும். அது பழகிய பிறகு மூன்றாவதும் நான்காவதும் மாறி மாறி, ஒரு நாளைக்கு ஒன்று. ஐந்தும் ஆறும் தனிப் பயிற்சியாக வேண்டாம்; எண்ணோ சந்தேகமான செய்தியோ எதிர்ப்படும்போது செய்தால் போதும். மாதக் கடைசி ஞாயிறு அரை மணி நேரம் பழைய பக்கங்களைப் புரட்டி, டிக் போடாமல் விட்டவற்றுக்கு டிக் போடுங்கள். பலர் எழுதுகிறார்கள், திரும்பப் படிப்பதில்லை. படிக்காத நோட்டு நாட்குறிப்பாகிவிடும்.

இரண்டாவது மாதம் வாக்கில் ஒரு வியாதி வரும். சாப்பாட்டு மேசையில், கல்யாண வீட்டில், யார் எதைச் சொன்னாலும் 'அதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நோட்டு உங்களுக்கானது. சினிமா பார்த்துவிட்டு ஒருவர் பிரமாதம் என்றால், அது பிரமாதம்தான்.

எல்லா முடிவுக்கும் இவ்வளவு யோசனை தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவென்றால் சட்டென்று எடுத்துவிடலாம். எந்தச் சட்டை போடுவது என்பதற்கு நான்கு கட்டம் வரைய வேண்டாம். வேலை மாறுவது, கடன் வாங்குவது, அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது போன்றவற்றுக்கு நோட்டைத் திறங்கள். தூக்கமில்லாத இரவிலும் கோபத்திலும் எழுதுவதற்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் நட்சத்திரம் போட்ட கணிப்புகளைத் தனியாக எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே ஒன்று புரியும்.

அப்புறம், நாட்கள் விட்டுப்போகும். எனக்கு ஒருமுறை ஐந்து வாரம் விட்டுப்போனது. விட்ட நாட்களுக்குச் சேர்த்து உட்கார்ந்து எழுத முயலாதீர்கள். அதற்குள் விடைகள் எல்லாம் தெரிந்திருக்கும், மனம் தன் கைவரிசையைக் காட்டியிருக்கும். அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்குக் கேட்ட ஒரு கூற்றை மட்டும் எழுதுங்கள்.